சோணி கறுத்த நாள்

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி ஆய்வகம். முதுகலை மாணவி ஸ்ரீமதி ஐந்து ஆண் ஜிலேபி கெண்டைகளை ஒரே கண்ணாடித் தொட்டியில் விட்டிருந்தாள். ஒரு வாரத்துக்குள் அவற்றில் பெரியது கரியாகக் கறுத்து, தாடை மட்டும் வெளுத்து, தொட்டி முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொண்டது. மற்ற நான்கும் சாம்பல் நிறத்தில் ஓரமாக ஒதுங்கின. அதிகம் அடிபட்டது, வால் கிழிந்த ஒன்று. தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் ராக்கம்மாள் அதற்குச் சோணி என்று பெயர் வைத்திருந்தாள்.

“இதுக்கு என்ன சீக்கா பாப்பா? இம்புட்டு வெளிறிக் கெடக்கு.”

“சீக்கு இல்லக்கா. கறுப்புன்னா நான்தான் பெரியவன்னு அர்த்தம். வெளிறிட்டா, அடங்கிட்டேன்னு அர்த்தம். அப்பத்தான் அடி கம்மியா விழும்.”

“வாலைக் கடிச்சதுக்கப்பறம் என்ன கம்மி?” என்றாள் ராக்கம்மாள்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்ரீமதி பெரியதை வலையால் அள்ளி வாளிக்கு மாற்றினாள். அந்த இடத்தை எது பிடிக்கிறது, எத்தனை நிமிடத்தில் பிடிக்கிறது என்று குறிக்க வேண்டும். அளவில் அடுத்ததுதான் பிடிக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் நடுவே வந்து நின்றது சோணி. துடுப்பு விரிந்தது. முதுகில் தொடங்கிய கறுப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறு வரை இறங்கியது.

“ஆத்தாடி!” ராக்கம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

மறுநாள் பெரியதைத் திரும்ப விடவேண்டும்.

“இப்பத்தான் தலையத் தூக்கியிருக்கு. விட்ராத பாப்பா.”

“ஆராய்ச்சி பாதியில நிக்கும்க்கா.”

ஸ்ரீமதி விட்டாள். சோணி எதிர்த்துத்தான் நின்றது. வாயோடு வாய் கவ்வி இரண்டும் சுழன்றன. ஆறாவது நிமிடம் சோணி ஓரத்துக்கு ஓடியது. அதற்குள் உடம்பு வெளிறிவிட்டது. ஸ்ரீமதி நேரத்தைக் குறித்தாள். ராக்கம்மாள் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிக் குறிப்பும் முடிந்தது. ஸ்ரீமதி சோணியை எடுத்து, நான்கு சின்ன மீன்கள் இருந்த பின்கட்டுத் தொட்டியில் விட்டாள். ராக்கம்மாளைத் தானே போய்க் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் ஸ்ரீமதியின் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை, ஸ்ரீமதி பையை இறக்கி வைக்கும் முன்பே ராக்கம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். சோணி மறுபடி கறுத்திருந்தது. சின்ன மீன்கள் நான்கும் வெளிறி, ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டியிருந்தன. ஒன்று வெளியே எட்டிப் பார்த்ததும் சோணி பாய்ந்து விரட்டியது.

“பட்டதெல்லாம் மறந்துபோச்சு பாரு இவனுக்கு,” என்றாள் ராக்கம்மாள். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

“இவனையும் தனியா மாத்திரலாமாக்கா?”

“எத்தனை தொட்டிக்குப் போவ?”

ராக்கம்மாள் தோட்டத்துப் பக்கம் போனாள். சிறிது நேரத்தில் உடைந்த பூந்தொட்டி ஓடுகள் நான்கைக் கழுவி எடுத்து வந்தாள். கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள். முதல் சின்ன மீன் ஒரு ஓட்டுக்கடியில் நுழைந்து மறையும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.