நாக்குக்கு அடியில்

மாணிக்கவேல் தட்டில் கையே வைக்காமல் எழுந்துபோனபோது வேல்விழிக்கு வந்தது ஆத்திரம்தான். வீம்பு பிடித்த மனுசன் என்று வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு, சோற்றைத் திருப்பிப் பானையில் கொட்டினாள். அவன் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவில்லை. அவர்களுக்குள் பேச்சு நின்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வேல்விழியின் தம்பி சக்கரபாணி பக்கத்திலிருக்கும் மங்களூர் கிராமத்தில் தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தான். நேரில் வந்து பத்திரிகை வைக்காமல் போனில் கூப்பிட்டுவிட்டான் என்று மாணிக்கவேலுக்கு ஒரு மனத்தாங்கல். அதை அவளிடம் ஒருமுறை சொல்லவும் செய்தான். ஆனாலும் போனான். பந்தியில் உட்கார்ந்தான். நாலு வாய் சாப்பிட்டவன் திடீரென்று இலையை மூடிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டான். மொத்த சனமும் பார்த்துக்கொண்டிருந்தது. வேல்விழிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு மூடிய வாயை அவளும் திறக்கவில்லை.

இருவருக்கும் ஒரே பீங்கான் பொம்மைக் கம்பெனியில்தான் வேலை. அவன் சூளையில், அவள் அச்சுப் பிரிவில். அவன் சாப்பிடாமல் எழுந்துபோன அன்று காலை, பக்கத்தில் வேலை செய்யும் சொர்ணாம்பாள் கேட்டாள்.

“ஏண்டி, உன் வூட்டுக்காரருக்குத் தாவாங்கட்டை என்னாடி இப்படி உப்பிக்கெடக்குது?”

“எல்லாம் கோவந்தான். உள்ளயே அடக்கி வச்சா உப்பத்தான் செய்யும்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வேல்விழியும் சிரித்தாள்.

மதியத்துக்கு முன்னால், மாணிக்கவேல் முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சூளைப் பக்கமிருந்து ஆள் வந்து சொன்னான். அப்போதும் அவள் கையிலிருந்த அச்சைப் பிரித்து, பொம்மையைக் காயவைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, எதையோ மோந்து பார்ப்பவன்போல் கழுத்தை முன்னால் நீட்டியிருந்தான். கடைவாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. மடியில் கிடந்த துண்டு நனைந்து ஊறிப்போயிருந்தது.

“என்னாங்க? என்னா பண்ணுது?”

அவன் ஏதோ சொன்னான். வாய் நிறையக் கொதிக்கும் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிட்டே போய்த் தாடைக்கு அடியில் தொட்டாள். யாருக்கும் மெத்தென்று இருக்கவேண்டிய இடம் அது. சூடாக, பலகைபோல் கெட்டியாக இருந்தது. ஒரு பக்கம் மட்டுமல்ல, இந்தக் காதடியிலிருந்து அந்தக் காதடிவரை. அமுக்கினால் அமுங்கவில்லை.

“வாயத் தொறங்க, பாப்பம்.”

முயன்று பார்த்தான். பற்கள் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட விலகவில்லை. அந்த இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தாள். நாக்கு அதன் இடத்தில் இல்லை. அடியில் சிவந்து வீங்கிய சதை அதைத் தூக்கி மேலண்ணத்தில் ஒட்டவைத்திருந்தது.

“சோறு வேணாம் வேணாம்னு தள்ளுனது இதனாலயா?”

அவன் தலையை ஆட்டினான். அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

சக்கரபாணி ஜங்ஷன் பக்கம் வாடகைக் கார் ஓட்டுகிறவன். மாமன் இலையை மூடியதிலிருந்து அவனும் இந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அக்காவின் குரலைக் கேட்டதும் சவாரிக்கு வந்தவரை இறக்கிவிட்டு ஓடிவந்தான். வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்னாக்கா இது? மாமா மொகமே மாறிப் போயிருக்குது?”

பின் சீட்டில் படுக்கவைத்தார்கள். படுத்த கணமே மாணிக்கவேல் கண்கள் பிதுங்கத் துள்ளி எழுந்தான். மூச்சு ‘கிர்ர்’ரென்று இழுத்தது. நிமிர்த்தி உட்காரவைத்து, வேல்விழி தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டாள். வண்டி மேம்பாலம் ஏறும்போது அவன் கையை நீட்டிச் சக்கரபாணியின் தோளைத் தட்டினான்.

“மாப்...ள... அன்னிக்கி...” என்றான். மேலே வரவில்லை. இலையை மடிப்பதுபோல் கையால் செய்துகாட்டினான். பிறகு கடைவாய்ப் பக்கம் விரலை வைத்து அழுத்தினான்.

சக்கரபாணி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். “பல்லு வலியா? அன்னிக்கிப் பந்தியில எந்திரிச்சது பல்லு வலியிலயா மாமா?”

ஆமாம் என்று தலை அசைந்தது.

வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. “அடப்பாவி மனுசா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னா?” என்றான் சக்கரபாணி. வேல்விழி கன்னத்தில் அறை வாங்கியவள்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருப்பான், அவள் என்னவென்று கேட்டிருந்தால். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தனியாகவே சமாளித்திருப்பான்.

ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டர் அமிர்தம் அவனைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “யாரும் படுக்க வைக்காதீங்க. உக்காந்தபடியே உள்ள கொண்டு வாங்க” என்று நர்ஸிடம் சத்தம் போட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், வேல்விழியை ஓரமாக அழைத்தார்.

“கடைசிக் கடவாப்பல்லு சொத்தையாயி வேருல சீழ் வச்சிருக்குது. நாக்குக்கு அடியில, தாடையோட இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் தூளி கட்டுன மாதிரி ஒரு சதை இருக்கும்மா. முன்பல்லு வேரெல்லாம் அதுக்கு மேல நின்னுடும். கடவாப்பல்லு வேரு அதுக்குக் கீழ எறங்கியிருக்கும். அங்க சீழ் வச்சா கழுத்துக்குள்ள பரவும். இப்ப தூளிக்கு மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் பரவிடிச்சி. நாக்கைத் தூக்கிப் பின்னால தள்ளுது. பின்னாலதான் மூச்சுப் போற வழி.”

“வெறும் பல்லாலயா டாக்டர்?”

“பல்லாலதான். இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த வழி மூடிடும். வாய் வழியா குழாய் விடலாம்னா வாய் தொறக்கல. குரல்வளைக்குக் கீழ, இந்தக் குழியில ஒரு தொளை போட்டாத்தான் மூச்சு விடமுடியும்.” டாக்டர் தன் கழுத்திலேயே இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

சக்கரபாணி பதறிப்போனான். “தொண்டையை அறுக்குறதா? வேணாம்க்கா, பாண்டிச்சேரிக்கே கொண்டுபோயிடுவம்.”

“அங்கதான் அனுப்பப்போறேன். ஆனா தொளை போட்டப்புறம்தான். இல்லன்னா வழியிலயே போயிடுவாரு” என்றார் டாக்டர்.

வேல்விழி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே இழுத்துப் போனது. அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அவள் கண்ணைப் பார்த்தபடியே ஒரு விரலை எடுத்து அந்தக் குழியில் வைத்தான்.

“போடுங்க டாக்டர்” என்றாள் வேல்விழி.

மயக்கம் கொடுக்க முடியாது என்று மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, உட்காரவைத்தே செய்தார்கள். கதவுக்கு வெளியே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓர் இருமல் சத்தம் வந்தது. அவன் இருமுவதுபோலவே இல்லை. காற்று பீய்ச்சி அடிக்கும் சத்தம். அவள் கதவைத் தள்ளப் போனாள், சக்கரபாணி பிடித்து நிறுத்தினான்.

உள்ளே விட்டபோது கழுத்தில் குழாயும் சுற்றிலும் ரத்தக்கறையுமாக இருந்தான். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. அவளைப் பார்த்ததும் பேசினான். உதடு அசைந்தது, கண் பேசியது, சத்தம் வரவில்லை. கழுத்துக் குழாயிலிருந்து ‘ஹுஸ்’ என்று காற்று மட்டும் வந்தது.

“ஐயோ, ஊமையாயிட்டாரா?” என்று அலறிவிட்டாள்.

டாக்டர் அமிர்தம் அவள் தோளைப் பிடித்தார். “குரல்வளை நல்லாத்தான் இருக்குது. அதுக்குக் கீழயே காத்து வெளிய வந்துடுது. காத்து மேல வந்து பட்டாத்தான சத்தம் வரும்? வீக்கம் வத்துனதும் குழாயை எடுத்துடுவாங்க, பேசுவாரு.”

அவள் நம்பவில்லை. ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரி போகும் வழியெல்லாம் அவன் கையைப் பிடித்தபடி, குழாயில் காற்று வருகிறதா என்று மட்டுமே காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே தாடைக்கு அடியில் கீறிச் சீழை எடுத்தார்கள், பல்லைப் பிடுங்கினார்கள். வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. நாக்கு அதன் இடத்துக்கு இறங்கியது. ஒருநாள் காலை குழாயை எடுத்துத் துளையின்மேல் துணி வைத்துக் கட்டினார்கள்.

“தண்ணி கொடுத்துப் பாருங்க. கொஞ்சமா” என்றாள் நர்ஸ்.

வேல்விழி டம்ளரை அவன் உதட்டில் வைத்தாள். தண்ணீரை வாயில் வாங்கியவன் விழுங்காமல் அப்படியே வைத்திருந்தான். கண்ணில் பயம். அவளுக்கும் பயம்தான். கட்டுக்கு மேலே, கழுத்து நடுவில் எலும்பு மேடாகத் தெரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. பிறகு மெல்ல மேலே ஏறியது. ஒரு நொடி அங்கேயே நின்றது. இறங்கியது.

இருமல் வரவில்லை. அவள் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

“இன்னொரு வாய் குடிங்க” என்றாள்.