வாசலுக்கு முதுகு காட்டிய பீங்கான் யானை

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. உடைந்த பீங்கானில் பிறந்த ஒரு யானையின் கதை சொல்கிறேன்.

கழுவுதொட்டி, கோப்பை, தட்டு விற்கும் கடையில் பெருக்குகிறவள் ஒருத்தி. உடைந்ததென்று கடைக்காரர் கொட்டுவதையெல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்குத் தூக்கி வருவாள்.

"குடிக்க ஒரு நல்ல கோப்பை கிடையாது, உடைஞ்சது மட்டும் ஊருக்கே போதும் அண்ணி" என்பாள் நாத்தனார். வாய்தான் அப்படி. அந்தத் துண்டுகளைப் படத்துக்கு ஏற்ப நறுக்க, குறடை எடுத்துக்கொண்டு முதலில் வந்து உட்காருவதும் அவள்தான்.

அந்தத் துண்டுகளால் ஒரு யானையைப் பதிக்க, மழலையர் பள்ளியின் பெரிய டீச்சர் நுழைவுச் சுவரைக் கொடுத்தார். "ஒரு பிள்ளை விரல்ல கீறினாலும் மேல சிமென்ட் பூசிடுவேன்மா."

தொட்டித் துண்டு தடிமன், கோப்பைத் துண்டு மெல்லிசு. இரண்டும் ஒரே மட்டமாக நிற்க வேண்டுமே! அதனால் யானை வரைந்த காகிதத்தில், வழவழப்பான பக்கம் கீழே இருக்கும்படி மாவுப்பசையால் ஒட்டினார்கள். அப்படியே திருப்பிச் சுவரின் ஈரச் சிமென்ட்டில் அழுத்தினார்கள். இறுகியதும் காகிதத்தை நனைத்து உரித்தார்கள்.

திருப்பினால் இடம் வலமாகும் என்பது இருவருக்கும் தோன்றவே இல்லை. வாசலைப் பார்த்துத் தும்பிக்கை தூக்க வேண்டிய யானை, வாசலுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"வாங்கன்னு கூப்பிடச் சொன்னா, போங்கடாங்குதே அண்ணி!"

டீச்சர் தடவிப் பார்த்தார். "கீறல. ஆனா வர்ற பிள்ளைங்க முதல்ல இதையா பாக்கணும்? பள்ளி திறக்குறதுக்குள்ள எடுத்துடுங்க."

பெருக்குகிறவளுக்கு முகம் சுண்டிவிட்டது. குரல் மட்டும் சுண்டவில்லை. "எடுக்க மாட்டேன் டீச்சர். அது பள்ளிக்கூடத்துக்குள்ள போகுது. பின்னாலயே இன்னொண்ணு வருது, பொறுங்க."

வீட்டுக்கு வந்ததும் ஒரு குட்டியை வரைந்தாள். இந்தத் தடவை கண்ணாடியில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் பசையைத் தொட்டாள். குட்டியின் தும்பிக்கை, சுவரில் நிற்கும் அம்மாவின் வாலைப் பற்றும்படி நீண்டிருந்தது. கண் மட்டும் வாசல் பக்கம், வீட்டுக்கு ஓடிவிடலாமா என்பதுபோல.

"முழியப் பாரு! முதல் நாள் உங்க அண்ணனும் இப்படித்தான் நின்னிருப்பாரு" என்றாள். நாத்தனார் சிரித்த சிரிப்பில் பசைக் கிண்ணம் கவிழ்ந்தது. பள்ளி திறக்கும் முன்பே குட்டியும் அம்மாவுக்குப் பின்னால் சுவரில் ஏறிவிட்டது.

பள்ளி திறந்த அன்று, தாயின் கையை விடாமல் வீறிட்ட ஒரு பெண்குழந்தை குட்டியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தியது. "இதுவும் அழுவுதா?" என்று தொட்டது. வால், முதுகு, பெரிய யானையின் வயிறு, தும்பிக்கை என்று கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டது.

டீச்சர் ஓடிப்போய் அந்தக் கையை விரித்துப் பார்த்தார். பிறகு காவலாளியைக் கூப்பிட்டார். "யானை மேல பூசலாம்னு வாங்கி வச்ச அந்தச் சிமென்ட் மூட்டைய கடைக்கே திருப்பி அனுப்பிடுப்பா."

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் போகிற இடமெல்லாம் பயம் தெளிந்து போகட்டும். சாயங்காலம் பசியோடும் சிரிப்போடும் திரும்பி வரட்டும். அடுப்பும் மனசும் குளிராமல், நல்லா இருங்க கண்ணுகளா.