பாதி முகத்தின் மேல் வெளிச்சம்

இருபத்து நான்கு வயதிலேயே அவளுக்கு அம்மா வேஷம் கொடுத்துவிட்டார்கள். நாடகக் குழுவில் எல்லாரும் ‘பெரியம்மா’ என்றே கூப்பிட்டார்கள், அவளைவிட ஏழு வயது மூத்த கதாநாயகன் உட்பட. கட்டிக்கொண்டது அதே குழுவின் லைட்டுக்காரரை. “எம்மேல வெளிச்சம் விழுறதே இவர் தயவுலதான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

நாற்பத்தாறாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலைக் காட்சிக்காக மேக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். பவுடர் கண்ணில் விழுந்தும் இடது இமை மூடவில்லை. குடித்த தண்ணீர் வாயோரமாக வழிந்து புடவையை நனைத்தது. முகவாதம் என்றார் டாக்டரம்மா. மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார். முக்கால்வாசி சரியானது. இடது கன்னமும் உதட்டோரமும் மட்டும் திரும்பி வரவேயில்லை. அவள் சிரித்தால் ஒரு பக்கம் சிரிக்கும், மறுபக்கம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

நாடக இயக்குனர் வீடு தேடி வந்தார். அவளைவிடச் சின்னவர்.

“ஓரமா உக்காந்திருக்கிற மாதிரி ஒரு வேஷம் எழுதுறேன் பெரியம்மா. வசனமே இருக்காது.”

“பாவம் பாத்துக் குடுக்குற வேஷத்துக்கு நான் பொட்டுகூட வெச்சுக்க மாட்டேன் தம்பி” என்று காபியை நீட்டினாள்.

அதன்பின் வெளியே போனால் முகக்கவசம். வீட்டில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். லைட்டுக்காரர் துணைக்கு வா, துணைக்கு வா என்று நச்சரித்து ஒருநாள் ஒத்திகைக்கு இழுத்துப் போனார். போஸ்டருக்குப் படமெடுக்க வரவேண்டிய ஆள் அன்று வரவில்லை. லைட்டுக்காரர் யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவை அவள் கையில் திணித்தார்.

“எனக்கு என்னங்க தெரியும்?”

“யாரு எப்போ எங்க நிப்பாங்கன்னு தெரியும்ல? மிச்சத்தை அது பாத்துக்கும்.”

படங்களைப் பார்த்த இயக்குனருக்கு முகம் சுண்டிவிட்டது. “என்ன பெரியம்மா, ஹீரோவோட முதுகுதான் தெரியுது?”

“அவன் பேசுறதை அந்தப் பொண்ணு எப்படிக் கேக்குறா பாருங்க. நாடகம் அங்கதான் நடக்குது.”

மற்றவர்களின் நீள நீளமான வசனங்களைக் கேட்டபடி இருபத்திரண்டு வருஷம் மேடையில் நின்றவள் அவள். இயக்குனர் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதுவே போஸ்டர் ஆனது. பிறகு வேறு குழுக்கள் கூப்பிட்டன, பத்திரிகைகள் கேட்டன. ஐந்து வருஷத்தில் கடைத்தெரு மாடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோவே வந்துவிட்டது. அந்தத் தொழிலில் அவளுக்குப் பிடித்த இன்னொன்றும் இருந்தது: படம் எடுப்பவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

அப்போதுதான் அதே டாக்டரம்மா கூப்பிட்டார். முகவாதத்துக்குப் பயிற்சி எடுக்க வருகிறவர்களை வாராவாரம் படமெடுத்து வைத்தால் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று தெரியுமாம். புதன்கிழமை காலை கேமராவோடு போனாள். விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே லைட்டுக்காரர்.

முதலில் வந்தவள் ஒரு நர்சரி டீச்சர். நாற்காலியில் உட்கார்ந்ததுமே கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“வேண்டாங்க. வீட்டுல கண்ணாடிக்கே துணி போட்டு வெச்சிருக்கேன். கிளாஸ்ல ஒரு வாண்டு கேட்டுச்சு, ‘ஏன் டீச்சர் பாதி மூஞ்சிக்கு மட்டும் கோவம்?’னு. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவதான், திரும்பப் போகவே இல்ல.”

பெரியம்மா கேமராவை மேஜையில் வைத்தாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். லைட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளி ஆள் முன்னால் அவள் அதைக் கழற்றி அவர் பார்த்ததில்லை.

“டீச்சர், இந்தப் பக்கம் மனு கொண்டு வந்தவன். அந்தப் பக்கம் ஆபீசர். பாருங்க.”

வலது பக்கத்தைத் திருப்பிப் பல்லிளித்தாள். “சார், இந்த ஃபார்ம எந்த கவுண்டர்ல குடுக்கணும் சார்?” இடது பக்கத்தைத் திருப்பினாள். கல்.

“சார், சாப்ட்டீங்களா சார்?” கல்.

யாரும் சொல்லாமலே விளக்கு அவள் திரும்பும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது.

“சார், உசுரோடதான் இருக்கீங்களா?” அந்த நேரம் பார்த்து இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகவாதம் வந்ததிலிருந்தே அது அப்படித்தான், தானாக வழியும். பெரியம்மா பதறி வலது பக்கத்தைத் திருப்பினாள். “ஐயோ, அழாதீங்க சார்! நான் நாளைக்கே வர்றேன்!”

டீச்சரின் கை கீழே இறங்கிவிட்டது. கோணலாக, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

“ஏம்மா, படம் எடு!” என்றார் லைட்டுக்காரர்.

“இருங்க, சீன் இன்னும் முடியல.”

சீன் முடிந்த பிறகுதான் எடுத்தாள். வெளியே காத்திருந்தவர்கள் அதற்குள் கதவருகே கூடிவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை அவர்களுக்கு உள்ளேயே பெஞ்சு போட வேண்டியிருந்தது. டீச்சர் இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் போனாள். முழுதும் தேறிவிடவில்லை, இருந்தாலும் போனாள்.

விஷயம் கேள்விப்பட்டு இயக்குனர் வந்தார். மேடையில் அரை மணி நேரம் ஒதுக்கித் தருகிறேன் என்றார். இந்தத் தடவை அவர் குரலில் பரிதாபம் இல்லை, ஆசைதான் இருந்தது. அது அவளுக்குப் புரிந்தது.

“யோசிச்சுச் சொல்றேன் தம்பி. புதன்கிழமைன்னா மட்டும் முடியாது.”

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது லைட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். “அந்த ஆபீசர் கொஞ்சம் ஓவர்மா.”

“அவர் என்னங்க பண்ணுவார், பாவம்? அவருக்கு வேற மூஞ்சியே வராதே.”

அவர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகக்கவசம் இல்லாத முகத்தோடு அவளும் அவர்களைப் பார்த்தாள்.