இரண்டு முதல் தொகுப்புகள்

லவினாவுக்கு அந்தக் கட்டுரையை எழுத மனமில்லை. கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் சமயம். பொம்மனஹள்ளியிலிருந்து தினமும் போய்வருவதிலேயே பாதி உயிர் போய்விடுகிறது. ஆனால் சிற்றிதழ் நடத்தும் தேசிகன் விடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் பெங்களூரின் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இரண்டு பேர் ஒரே வருடத்தில் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு கொண்டுவந்தார்கள். ஒருவர் டிரேவர், இன்று வெளிநாட்டு விழாக்களுக்கெல்லாம் அழைக்கப்படுகிறவர். இன்னொருவர் ஃபாத்திமா, மாதாவின் பெயர் வைக்கப்பட்ட கத்தோலிக்கர், அந்த ஒரு புத்தகத்தோடு நின்றுபோனவர். இருவரின் ஆரம்பக் கவிதைகளையும் ஒப்பிட்டு, யார் மேல் என்றும் சொல்லிவிட வேண்டும் என்றார் தேசிகன்.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இரண்டையும் படித்தாள். டிரேவரின் கவிதைகளில் இளம் வயதின் ஆவேசம் இருந்தது. ஆனால் குரல் அவருடையதாக இல்லை, முன்னால் எழுதிய யாரையோ கேட்டுப் பழகிய குரல். ஃபாத்திமாவின் வரிகள் சின்னவை. வாசலில் காயும் குடை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன் வயிற்றில் பசி, அண்ணனின் சட்டைக்கு இஸ்திரி போடும் கை. அவை யாரைப் போலவும் இல்லை.

ஒரு ஞாயிறு காக்ஸ் டவுனுக்குப் போய் ஃபாத்திமாவைப் பார்த்தாள். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாதம் வந்து படுத்துவிட்ட கணவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து பேசினார். எது நன்றாக இருக்கிறது என்று அவரே கேட்டார்.

"உங்களோடதுதான் மேடம்."

ஃபாத்திமாவின் முகம் மலரவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இத அப்பவே யாராச்சும் சொல்லியிருக்கணும். இப்ப இத வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

அன்று வந்த விமர்சனங்களெல்லாம் டிரேவரைப் பற்றித்தான், தன் புத்தகத்தை ஒருவரும் திட்டக்கூட இல்லை என்றார் ஃபாத்திமா. சொன்ன விதத்தில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. எழுதுங்கள், ஆனால் யார் மேல், யார் கீழ் என்பது மட்டும் வேண்டாம். பிறகு ஆட்கள் வந்து ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பார்கள், பதில் சொல்லத் தெம்பில்லை என்றார்.

லவினா அப்படியே எழுதிக் கொடுத்தாள். முடிவு எங்கே என்று தேசிகன் போன் செய்தார்.

"படிக்கிறவங்களுக்கே தெரியும் சார். அதுக்கு மேல என்கிட்ட இல்ல."

அவர் முனகிக்கொண்டே அச்சுக்கு அனுப்பினார்.

இதழ் வந்தபின் ஃபாத்திமா போனில் பேசினார். கணவருக்கும் படித்துக் காட்டினாராம்.

"ஒண்ணுதான் தப்பு. அந்த மொட்டமாடிக் கவிதையில தனிமையோட சோகம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கி நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன்."

லவினா மன்னிப்புக் கேட்டாள். அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லட்டுமா என்றாள்.

"வேணாம். உங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

விடைத்தாள் கட்டைத் தள்ளிவைத்துவிட்டு லவினா அந்தக் கவிதையை மறுபடி எடுத்தாள். ஒரு பெண் மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்து கொய்யா தின்கிறாள். தெரு முழுவதும் துணிகள் காய்கின்றன. அவ்வளவுதான். எழுதியவர் பின்னால் எழுதாமல் போனார் என்று தெரிந்திருந்ததால், தானேதான் சோகத்தைத் தேடிப் போயிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. இன்னொரு முறை மெதுவாகப் படித்தாள்.