வால்வில் தொங்கிய செருப்பு

மாமியாரின் உடலைப் போர்த்தியிருந்த போர்வையின் கால்மாட்டு மடிப்பை மருமகள் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, சின்னக் கொழுந்தன் ஒரு செருப்பை ஏந்திக்கொண்டு கூடத்துக்குள் வந்தான். வெறுங்கையில் இல்லை, வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, பிறந்த குழந்தையைத் தூக்கிவருவது போல. நீல ரப்பர் செருப்பு. ஒற்றை. குதிகால் பக்கம் தேய்ந்து அப்பளமாகியிருந்தது. அதை மாமியாரின் காலடியில் வைத்துவிட்டு அவன் குலுங்கி அழ, அழுது ஓய்ந்திருந்த கூட்டமும் இரண்டாவது சுற்றை ஆரம்பித்தது.

“அம்மா செருப்பு, அண்ணி. கொல்லையில குழாயில கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. எந்தப் புண்ணியவான் பண்ண வேலையோ!”

“இன்னொண்ணு எங்கப்பா?” என்றாள் மாமனாரின் தங்கையான அத்தை. எதுவும் ஜோடியாக இல்லாவிட்டால் அவளுக்குத் துக்கம் சரியாக வராது.

மருமகளுக்குத் தெரியும். புண்ணியவான் வேறு யாருமில்லை. இதோ, போர்வைக்குள் படுத்திருக்கும் மாமியாரேதான்.

அவர்களுக்கு ரோஜா வளர்ப்புத் தொழில். வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கண்ணாடிக் கொட்டகைகள். ரோஜா பார்க்கத்தான் மென்மை. பூச்சிமருந்து குடிப்பதில் மொடாக்குடிகாரன். மருந்து அடித்த டிரம்களைக் கழுவும் தண்ணீர் முதலில் ஒரு சிமென்ட் தொட்டிக்குப் போகும். அதில் மாமியார் சுண்ணாம்பு கரைத்து ஊறவைப்பாள். பிறகு கரித்தொட்டி வழியாக வடிப்பாள். கடைசித் தொட்டியில் ஒரு வலைக்கூண்டை இறக்கி, அதில் பொடி இறால்களை விட்டுப் பார்ப்பாள். விடிந்தும் இறால் துள்ளினால்தான் தண்ணீருக்கு வாய்க்காலில் இறங்க அனுமதி. ஒன்று மல்லாந்தாலும் மறுபடி கரிக்குத்தான். மருமகளைத் தேர்ந்தெடுக்கும்போதுகூட இவ்வளவு சோதனை வைக்கவில்லை என்று தெருவே சொல்லும். மருமகளும் அதை மறுத்ததில்லை.

முதல் தொட்டிக்கு அடியில் ஒரு வால்வு உண்டு. சேறு கழுவ வைத்தது; திறந்தால் நேரே வாய்க்கால். அதை யாரும் தெரியாமல் திருகிவிடக் கூடாதென்றுதான் செருப்பு. பலகையில் எழுதிவைத்தால் எவனும் படிக்கமாட்டான், செருப்பைக் கட்டினால் எவனும் கைவைக்கமாட்டான் என்பது மாமியார் கட்சி. வேலைக்காரர்கள் விஷயத்தில் அது பலித்தது. வெளியூரிலிருந்து வரும் பெற்ற பிள்ளை அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான் என்று அவள் யோசிக்கவில்லை.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு மருந்தடிப்பது நிற்கவில்லை. சுண்ணாம்பு கரைப்பது நின்றுவிட்டது. நாளைக்கு, நாளைக்கு என்று மருமகள்தான் தள்ளிக்கொண்டே வந்தாள். தொட்டி விளிம்பு வரை நிறைந்து நின்றது.

“தம்பி,” என்று கொழுந்தன் பக்கம் சாய்ந்தாள். “செருப்பை எடுத்தீங்க. வால்வைத் தொடலையே?”

“தொடாமலா? திறந்தே விட்டுட்டேன். என்ன நாத்தம் அண்ணி! வர்றவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வரணுமா? வந்ததும் முதல் வேலை அதான். நீங்க யாரும் கவனிக்கலை போல.”

அந்தக் கடைசி வார்த்தையில் அவனுக்கே ஒரு பெருமை. மருமகள் எழுந்தாள்.

“எங்கடி போற?” அத்தை புடவையைப் பிடித்தாள். “நாலு பேர் பார்க்கிற நேரத்துல மருமக இடத்தை விட்டு எந்திரிக்கலாமா?”

“வயித்து வலி அத்தே.”

“துக்கத்துல எனக்கும் அப்படித்தான் பண்ணும். போயிட்டு வா.”

கொல்லையில் வால்வைத் திருகி மூடியபோது தொட்டியில் பாதிதான் இருந்தது. வாய்க்காலில் பால்போல நுரைத்த கோடு ஒன்று வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வளைவுக்கு அப்பால் மீன்குளம். குளத்துக்காரர் காலையில் மதகைத் திறந்துவிட்டால் சாயங்காலம்தான் மூடுவார். வாய்க்கால் மந்தமாகத்தான் ஓடும். ஆனாலும் ஓடும்.

பின்னாலேயே வந்த புருஷனிடம் சொன்னாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“மூடிட்டல்ல? விடு. வண்டி வர்ற நேரம்.”

“குளத்துக்காரர்கிட்ட சொல்லணுங்க. உள்ளதான் உட்கார்ந்திருக்கார்.”

“பைத்தியமா உனக்கு? அந்த மனுஷன் அம்மாவை வெச்சுக்கிட்டே கத்துவார். அம்மா பேரு என்னாகும்? அடக்கம் முடியட்டும், நானே பக்குவமா சொல்றேன்.”

“நீங்க பக்குவமா சொல்றதுக்குள்ள அங்க வேற அடக்கம் பண்ண வேண்டியிருக்கும்.”

“இன்னிக்கு ஒரு நாளாவது வாயை மூடேன்.”

அவள் மூடிக்கொண்டுதான் உள்ளே போனாள். அவன் நிம்மதியாக மூச்சுவிட்டதும் காதில் விழுந்தது.

குளத்துக்காரர் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “அந்தம்மா இருந்த வரைக்கும் என் மீன் ஒண்ணுக்கும் தலைவலி வந்ததில்லைங்க. என் வீட்டுக்காரியைவிட அந்தம்மா கைத் தண்ணியைத்தான் நம்புவேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்திலிருந்தவரும் சிரித்தார். வாசலில் நின்ற புருஷன் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம்.

மருமகள் குனிந்து அவர் காதருகே சொன்னாள். “அண்ணே, மதகை மூடணும். முதல் தொட்டித் தண்ணி இறங்கிடுச்சு. சுண்ணாம்புகூடப் போடலை.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மாமியாரைப் பார்த்தார், ஏதோ அவள்தான் பதில் சொல்லவேண்டும் என்பது போல. கத்தவில்லை. நாற்காலி சாயச் சாய எழுந்து, யாரோ நீட்டிய டீ டம்ளரைத் தட்டிவிட்டு வெளியே ஓடினார். மருமகளும் பின்னால் ஓடினாள். காதில் ஏதோ சொன்னாளாம், இரண்டு பேரும் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடினார்களாம். அந்தக் கூடத்துக்கு அதன் பிறகு அழ நேரமில்லை.

கொல்லையில் கிடந்த கரி மூட்டைகளைக் கைவண்டியில் போட்டுக் கரையோரம் தள்ளிக்கொண்டு போனாள். சக்கரம் சேற்றில் சிக்கியது. இழுத்தாள். குளத்துக்காரர் முன்னால் ஓடி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதகுப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார். பலகை ஊறி உப்பிப் பாதியில் நின்றது. ஏறி நின்று மிதித்தார்.

“ஏம்மா, முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“தெரிஞ்சதும் சொன்னேன் அண்ணே.”

“சுண்ணாம்பு ஏன் போடலை?”

முழங்கால் தண்ணீரில் இறங்கி, மதகுக்கு மேற்புறம் வாய்க்காலின் குறுக்கே மூட்டைகளை அடுக்கினாள். ஒன்றைக் கிழித்துக் கரியைக் கொட்டினாள். தண்ணீர் கறுத்துத் தேங்கியது. பலகை ஒருவழியாக அடியில் போய் உட்கார்ந்தது.

மதகுக்கு உள்பக்கம், கோரைப்புல்லின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நுரையாக இருக்கலாம். பழைய பாசி காய்ந்ததாகவும் இருக்கலாம். இருவரும் அதைப் பார்த்தார்கள்.

வீட்டுப் பக்கமிருந்து வண்டியின் ஹாரன் கேட்டது. இன்னொரு முறை, நீளமாக.

“நீ போம்மா. எடுக்கப் போறாங்க.”

“போறேன் அண்ணே.”

போகவில்லை. குளத்தின் நடுவில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கரையோரமாக ஏழெட்டு வாய்கள்.

“தீனி நேரம்,” என்றார் குளத்துக்காரர். “அதான் மேல வருது.”

தினமும் எத்தனை மணிக்குத் தீனி போடுவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரும் அவள் முகத்தைப் பார்க்காமல் கொட்டகைக்குள் போய்த் தீனி டப்பாவை எடுத்துவந்தார். ஒரு கை அள்ளி வீசினார்.

தீனி பரவி, மிதந்து, மெல்லச் சுற்றியது; இன்னும் ஒரு வாயும் அதைக் கொத்தவில்லை. ஹாரன் மறுபடி கேட்டது. அவர் இரண்டாவது கை அள்ளியபடி நிறுத்திக்கொண்டார். இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.