அறுபத்திரண்டாவது குரல்

அந்தப் பாட்டின் பெயர் "கதவைச் சாத்தாதே". காதலி கோபித்துக்கொண்டு பெட்டியும் கையுமாகக் கிளம்புகிறாள், காதலன் வாசலில் நின்று தொண்டை கிழியக் கெஞ்சுகிறான், அவ்வளவுதான் விஷயம். ஒற்றைக் கிடாரில் மெதுவாகத் தொடங்கும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நான்கு எண்ணிக்கைக்கு மௌனம். பிறகு ட்ரம்ஸ் தடதடவென்று உள்ளே இறங்கும், கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். காதலித்தவன், காதலிக்காதவன், காதலித்து உதை வாங்கியவன் என்று ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அதைப் பாடித் தொலைத்திருக்கிறார்கள்.

கடிகாரத்துக்கு அந்தப் பாட்டைக் கண்டாலே ஆகாது.

கடிகாரம் என்பது இசைக்குழுவில் அவருக்கு வைத்த பெயர். பெரிய ஹோட்டல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் ட்ரம்ஸ் வாசித்த மனுஷன். தாளம் மயிரிழை பிசகாது. அந்த இருபத்திரண்டு வருடமும், தினம் ஒரு தடவையாவது, யாராவது ஒரு புருஷன் பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த அந்தப் பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவான். சில நாள் மூன்று சீட்டு வரும். கடிகாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு எண்ணுவார், இறங்குவார். வேலையை விட்ட நாளில் அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: அப்பாடா, இனிமேல் அந்தச் சனியன் காதில் விழாது.

விழுந்தது அவர்தான். நான்கு மாதத்துக்கு முன்னால், குளியலறையில். மூளையில் அடைப்பு என்றார்கள். பேச்சு போயிற்று, கை கால் போயிற்று, தலையைக்கூட ஆட்ட முடியவில்லை. மிஞ்சியது இடது கை ஆள்காட்டி விரல் ஒன்று. அதுவும் கூப்பிட்டால் வராது. "ஆமாம்னா விரலைத் தூக்குங்க" என்று டாக்டர் கெஞ்சிக் கூத்தாடியபோது மரக்கட்டையாகக் கிடந்தது. கண் இமை தானாக மூடித் திறந்தது, காரணமில்லாமல் தண்ணீர் வடிந்தது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆனால் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. புத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. வினையே அதுதான்.

வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அம்மாள்தான் ஆரம்பித்துவைத்தாள். "மனசுக்கு நெருக்கமான பாட்டைப் போட்டுக் காட்டுங்க. சில பேருக்கு அதுல அசைவு வரும். அப்படி ஏதாவது பாட்டு இருக்கா?"

அவர் மனைவிக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதிலும் முகம் சிவந்தது.

"இருக்கே! நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே அந்தப் பாட்டுலதான்."

ஐயோ, வேண்டாம் என்றார் கடிகாரம். யாருக்குக் கேட்கும்?

அவள் அதே ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் இருந்தவள். மேஜை விரிப்புகளை இஸ்திரி போட்டு அடுக்கி, இடுப்பில் சாய்த்துத் தூக்கிவருவாள். ஒரு சாயங்காலம் அவள் கூடத்து வாசலில் நின்றபோது மேடையில் "கதவைச் சாத்தாதே" ஓடிக்கொண்டிருந்தது. ட்ரம்ஸ்காரர் வைத்த கண் வாங்காமல் அவளையே பார்த்தாராம். பாட்டு முடியும்வரை பார்த்தாராம். அந்தப் பார்வையில் விழுந்தவள்தான்.

உண்மை என்னவென்றால் அவர் அவளைப் பார்க்கவேயில்லை. வாசலுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். எப்போது முடியும், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்தார். மறுநாள் அவள் வந்து, "நேத்து ஏன் அப்படிப் பார்த்தீங்க?" என்று கேட்டபோதுதான் முதல் முறையாக அவளைச் சரியாகப் பார்த்தார். பார்த்ததும், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் கல்யாணம், மகள், முப்பது வருடம். ஒவ்வொரு கல்யாண நாளிலும் அவள் அந்தக் கதையைச் சொல்லுவாள், அவர் சிரித்து மழுப்புவார். ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் கதி வந்திருக்குமா?

மனைவி பாட்டைப் போட்டாள். அசல் பாட்டு. நான்கு எண்ணிக்கை மௌனம், ட்ரம்ஸ். கடிகாரத்துக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நிறுத்தித் தொலை என்று உடம்பு முழுக்கக் கத்தினார். அந்த எரிச்சலில் விரல் தூக்கிக்கொண்டது.

"விரல்! விரல்!" என்று மனைவி கூவினாள். பயிற்சி அம்மாள் கைதட்டினாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுகிறார்களே என்று பாட்டை மறுபடி போட்டார்கள்.

மகள் வந்ததும் காரியம் இன்னும் முற்றியது. அவள் போல்ட்டு நட்டு செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். கழித்துக் கட்டும் போல்ட்டுகளுக்குச் சிவப்புப் பொட்டு ஒட்டுவது அவள் வேலை. எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டாள். மூன்று நாள் அப்பாவைக் கவனித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"அம்மா, அப்பா விரலைத் தூக்கறது சந்தோஷத்துல இல்ல. நல்லா பாரு, நிறுத்துன்னு கை காட்டற மாதிரி நிக்குது. இது வேணாம்னு சொல்றாரு."

என் ராஜாத்தி என்று நெஞ்சு நிறைந்தது கடிகாரத்துக்கு. பெத்தவனுக்குப் பெண்தான் பேச்சு என்று நினைத்துக்கொண்டார்.

"இந்த வெர்ஷன் வேணாம்னு சொல்றாரு," என்று மகள் முடித்தாள். "இவருக்கு வேற ஏதோ ஒண்ணு வேணும். எதுன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்."

வந்தது ஆபத்து. அந்தப் பாட்டை எத்தனை பேர் பாடியிருக்கிறார்கள் என்று அன்றுவரை கடிகாரத்துக்கே தெரியாது. மகள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். வரிசை எண், பாடியவர், எந்த நொடியில் விரல் எழுந்தது, எல்லாம் கட்டம் கட்டி. விரல் எழுந்தால் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு, பொட்டு ஒட்டியதும் அடுத்தது. சின்னப் பிள்ளைகள் கூட்டாகப் பாடியது. புல்லாங்குழலில் லிஃப்டுக்காக வாசித்தது. நாலு வயலின். குரைப்பது போல ஒருவன் பாடியது, அதற்குப் பதினோராவது நொடியிலேயே பொட்டு. மழைச் சத்தத்தோடு தூங்குவதற்கென்றே எட்டு மணி நேரம் இழுத்தது. குளிர்சாதனப் பெட்டி விளம்பரத்தில் வந்தது, அதில் காதலிக்குப் பதிலாகப் பெட்டியின் கதவைச் சாத்தாதே என்கிறான். மனைவியின் தம்பி சும்மா இருப்பானா? குட்டிக் கிடார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, இது நானே பழகினது. பொறுத்துக்குங்க," என்று அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து முழுசாகப் பாடி முடித்தான். பாடிய இரண்டாவது வரியில் விரல் எழுந்ததை அவன் கவனிக்கவில்லை.

பழைய இசைக்குழு ஆட்கள்கூட வந்தார்கள். பாட்டுக்காரருக்கு இப்போது பொய்ப்பல், கிடார்காரருக்கு முதுகுவலி. கடிகாரம் கண்ணாலேயே மன்றாடினார். டேய், உங்களுக்குமா தெரியாது? சீட்டு வரும்போதெல்லாம் நாம நாலு பேரும் சேர்ந்துதானேடா தலையில் அடிச்சுக்கிட்டோம்? பாட்டுக்காரர் அவரைப் பார்த்ததும் உடைந்துபோய், மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பாடினார். விரல் எழுந்தது. மகள் கையைக் காட்டி நிறுத்தி, ஐம்பத்திரண்டுக்குப் பொட்டு ஒட்டினாள். பாட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று, டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

இப்படியே அறுபத்தொன்று ஆயிற்று. எரிச்சலும் ஒரு கட்டத்துக்கு மேல் ஓய்ந்துபோகிறது. விரல் எழ முன்பைவிட நேரமாயிற்று. சில நாள் பாட்டு முழுசும் ஓடி முடிந்தது. "கிட்ட வந்துட்டோம்மா," என்றாள் மகள்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம். மகள் வேலைக்குப் போயிருந்தாள். பாட்டுப் போடும் சின்ன ஸ்பீக்கரை மனைவி கை தவறித் துணி ஊறவைத்த வாளியில் போட்டுவிட்டாள். கடிகாரத்துக்கு அது பெருநாள். இரண்டு மணி நேரமாக வீட்டில் குழாய்ச் சத்தத்தையும் தெருவில் போகிற வண்டியையும் தவிர ஒன்றுமில்லை. அவர் ஆனந்தமாகக் கிடந்தார்.

மனைவி அவரை ஒரு பக்கமாகப் புரட்டி, விரிப்பை உருவி, புதிது போட்டாள். பிறகு சன்னல் பக்கம் நின்று, காய்ந்த விரிப்புகளை மடிக்க ஆரம்பித்தாள். நுனியோடு நுனி சேர்த்து, ஒரு உதறு, ஒரு தேய்ப்பு. ஹோட்டலில் மடித்த அதே மடிப்பு. மடித்துக்கொண்டே, தான் பாடுகிறோம் என்று தெரியாமலே, பாடினாள்.

அந்தப் பாட்டுதான். வேறென்ன பாடுவாள், நான்கு மாதமாக வேறு எதைக் கேட்டாள்?

முப்பது வருடத்தில் அவள் பாடி அவர் கேட்டதில்லை. மேடைக்காரன் வீட்டில் வாயைத் திறக்க வெட்கம் என்பாள். சும்மா சொல்லக்கூடாது, படு மோசமான குரல். சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பாதி வரிகளை மாற்றிப் போட்டாள். காதலி பெட்டியோடு கிளம்புகிற இடத்தில், "சாப்பிட்டுட்டாவது போ" என்று அவளே ஒரு வரி சேர்த்தாள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்த நான்கு எண்ணிக்கை வந்தது. அறுபத்தொரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த இடம். அவள் காத்திருக்கவில்லை. விரிப்பை ஒரு உதறு உதறிவிட்டு நேராகச் சரணத்துக்குள் போய்விட்டாள்.

கடிகாரத்துக்குச் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் அப்படி ஒரு சிரிப்பு. எங்கே ஓடறே, நில்லுடி, நான் இன்னும் இறங்கலையே! அவளைப் பிடிக்க வேண்டுமே என்று மனம் அவள் பின்னாலேயே ஓடிற்று. அவள் தலைக்கு மேலே சுவரில் கடிகாரம் இருந்தது, மணி என்ன என்று அவர் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். நரைத்த முடி காதோரம் ஒட்டியிருந்தது, தோளில் ஈரம், வாய் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தது. பாடு, பாடு, நிறுத்தாதே என்று அவருக்குத் தவித்தது. இந்தப் பாட்டு இவ்வளவு நல்ல பாட்டா என்று இருந்தது.

அப்போதுதான் விரல் எழுந்தது.

எரிச்சலில் இல்லை. தாளம் போட எழுந்தது. அவளுடைய கோணல் நடைக்கு ஏற்றபடி, விரிப்பின் மேல் முதல் தட்டுத் தட்டுவதற்காக, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் தானாக எழுந்தது. எழுந்ததே தவிர, தட்டக் கீழே இறங்க அதற்குத் தெம்பில்லை. அப்படியே நின்றுவிட்டது.

இறங்கு, இறங்கு என்று கடிகாரம் துடித்தார். படுத்துத் தொலை, அவள் பார்த்துவிடப் போகிறாள்.

அவள் பார்த்துவிட்டாள்.

பாட்டு பாதியில் நின்றது. விரிப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கட்டில் பக்கம் வந்தாள். பிறகு சிரித்தாள், காது மடல்வரை சிவந்துவிட்டது.

"அய்யய்யோ, நான் பாடினேனா? சரிங்க, சரிங்க, நிறுத்திட்டேன். எனக்கே தெரியும் என் லட்சணம். இதுக்கா நீங்க இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தீங்க, பாவம்."

இதற்குத்தான் என்றார் கடிகாரம். இதற்குத்தாண்டி. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது எப்போதும் வழிவதுதானே, அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். தூக்கி நின்ற விரலை மெதுவாகப் பிடித்து, மடக்கி, விரிப்புக்குள் வைத்தாள்.

சாயங்காலம் மகள் புது ஸ்பீக்கரோடு வந்தாள். அம்மா சிரித்துக்கொண்டே கதையைச் சொன்னாள். மகளும் சிரித்தாள்.

"அதையும் எழுதணும்மா. கணக்குன்னா கணக்குதான்."

நோட்டுப் புத்தகத்தில் அறுபத்திரண்டு என்று போட்டு, பக்கத்தில் "அம்மா" என்று எழுதினாள். சிவப்புப் பொட்டை அம்மாவே உரித்து, அவருக்குத் தெரிகிற மாதிரி நோட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தன் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"ஒட்டிட்டேங்க. இனிமே இந்த ஜென்மத்துல பாடமாட்டேன், போதுமா?" என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "அடுத்ததைப் போடு," என்றாள்.