தப்புக்கு ஒரு கேக்

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து அந்த மூளை ஆய்வுக்கூடத்தில் தப்பு செய்தவரை யாரும் திட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவந்து, என்ன தப்பு என்று காபி மேஜையில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். கூடத்தின் தலைவர் பிரீபன் மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு துண்டுகூடக் கொண்டுவந்ததில்லை. அடுத்தவர் கேக்கை ஒரு கை பார்ப்பதில் மட்டும் மனுஷர் குறை வைத்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கூடத்தின் இளம் ஆய்வாளர் தைரா தேங்காய்த் துருவல் போட்ட கேக்கோடு வந்தாள்.

“என்னத்தைப் போட்டு உடைச்சே?” என்றான் பக்கத்து மேஜை யெப்பே, தட்டை நீட்டிக்கொண்டே.

“கட்டுரையை.”

சிரிப்பு நின்றது. திங்கட்கிழமை ஆய்வுப் பத்திரிகைக்குப் போக வேண்டிய கட்டுரை அது. மூளையின் ஸ்கேன் படத்தைப் பார்த்தே ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று கணினி சொல்லிவிடுமாம். நூற்றுக்குத் தொண்ணூறு சரி. அது வெளிவந்தால்தான் தைராவின் வேலை அடுத்த வருஷமும் நிலைக்கும்.

“படத்துல இருந்து மூளையை வெட்டி எடுத்துட்டேன். சுத்தி இருக்குற கறுப்பை மட்டும் கணினிக்குக் குடுத்துப் பாத்தேன். அப்பவும் தொண்ணூறு.”

நோயாளிகளை ஆஸ்பத்திரியின் பழைய எந்திரத்தில் படமெடுத்திருந்தார்கள். நோய் இல்லாதவர்களைப் பல்கலைக்கழகத்தின் புது எந்திரத்தில். கணினி கண்டுபிடித்தது எந்திரத்தை, நோயை அல்ல. நல்ல கெட்டிக்காரக் கணினி!

பிரீபன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“இந்தச் சோதனையை யாரும் கேக்கப்போறதில்ல. கட்டுரை போகட்டும். வேற படங்களை வெச்சு அப்புறம் சரி பண்ணிக்கலாம்.”

“அப்ப என் பேரை எடுத்துடுங்க, பிரீபன்.”

“வேலை போயிடும், தெரியுமில்ல?”

“வாரம் பூரா அதைத்தானே நெனச்சிட்டு இருந்தேன்.” கதவு வரை போனவள் திரும்பினாள். “உங்க பழைய கட்டுரையும் இதே படங்களை வெச்சுதான். நான் சோதிச்ச புரோகிராமை உங்களுக்கு அனுப்பியிருக்கேன். ஓட்டிப் பாக்கறதும் பாக்காததும் உங்க இஷ்டம்.”

அந்தப் பழைய கட்டுரைதான் பிரீபனுக்கு விருதையும் கூடத்துக்குப் பணத்தையும் கொண்டுவந்தது. வீட்டுக்கு சைக்கிள் மிதிக்கும்போது தைராவுக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது, தன்மேல் அதைவிட. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று பாதி வழி நினைத்தாள். மீதி வழி அழுதாள்.

அடுத்த வாரம் முழுக்க பிரீபன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டுரையும் போகவில்லை. வெள்ளிக்கிழமை எல்லோரும் காபிக்கு வந்தபோது மேஜையில் ஒரு பேக்கரிப் பெட்டி இருந்தது. பக்கத்தில் பிரீபன் கத்தியோடு நின்றார்.

“என்னோட பழைய கட்டுரை,” என்றார் பிரீபன். “மூளை இல்லாமலே ஓடுது. அதைத் திரும்ப எடுத்துக்கறேன்னு காலையில பத்திரிகைக்கு எழுதிட்டேன்.”

கேக்கைக் கோணல்மாணலாக வெட்டி, முதல் துண்டைத் தைராவின் பக்கம் நீட்டினார்.

“இனி பணம் வராது, தைரா. உன் வேலையை நீட்டிக்க எங்கிட்ட வழியில்ல.”

“தெரியும்.”

அந்தத் துண்டைப் பார்த்தாள். பிறகு தன் தட்டை முன்னால் நீட்டினாள்.

“பெரிசாவே வெட்டுங்க,” என்றாள்.